சீரியல் நம்பர் மட்டும் வயதைச் சொல்லாது

“ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய பேஸ் கிதாரின் பின்பக்கத் தகட்டில் உள்ள சீரியல் நம்பரைப் பார்த்தாலே எந்த வருடம் செய்தது என்று தெரிந்துவிடும்” என்ற தகவல் சுற்றுகிறது. தவறு. 1960களில் அந்தத் தகடுகளை எண் வரிசைப்படி மாட்டவில்லை. கைக்கு வந்ததை எடுத்துத் திருகினார்கள். நாலு திருகைக் கழற்றினால் தகட்டையே மாற்றியும் விடலாம்.

கழுத்தைக் கழற்றினால் தெரியும் அதன் அடிமுனையில் உள்ள தேதியைப் பாருங்கள். அப்புறம், வால்யூம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில், உள்ளே இருக்கும் பாகம்) மேல் உள்ள எண். 1376633 என்றிருந்தால், 137 என்பது பாட்டைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 66 வருடம், 33 வாரம். அதாவது 1966 ஆகஸ்டில் செய்த பாட். பாட்டில் கம்பிகளைப் பற்றவைத்த சாலிடர் கலையாமல் இருந்தால், அதாவது பாட்டை மாற்றாமல் இருந்தால், கிதார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் பிந்தையதாக இருக்கலாம், ஏனென்றால் பாட்கள் மொத்தமாக வாங்கி வைக்கப்பட்டவை. தேதி பார்க்கவென்று கழுத்தை அடிக்கடி கழற்றாதீர்கள், திருகுத் துளைகள் தளர்ந்துவிடும்.