பலகையைப் படியுங்கள், பொட்டலத்தை வாங்காதீர்கள்

சளியிலிருந்து சர்க்கரை வரை எதற்கும் முதலில் சித்த மருத்துவரிடம் போகலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. போகலாம். ஆனால் யாரிடம்? சேலத்தில் 'பரம்பரை வைத்தியர்' பலகைகளுக்குப் பஞ்சமில்லை. பலகையில் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு அது. இயற்கை மருத்துவம் என்றால் பி.என்.ஒய்.எஸ். பட்டம்.

மருந்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெயர் எழுதாத பொட்டலம் வேண்டவே வேண்டாம். டப்பாவில் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானம் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். உலோகம், தாதுக்களைப் புடம் போட்டுச் செய்யும் பொடிகளான பற்பம், செந்தூரம் கொடுத்தால் எந்த உலோகம், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், தேனிலா நெய்யிலா என்று எழுதி வாங்குங்கள். சரியாகச் சுத்திகரிக்காத பாதரசமும் ஈயமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியாட்டினின் ஏற்கெனவே கூடியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்சுலினை நிறுத்தச் சொல்பவரிடம் மறுபடி போகாதீர்கள், தயவுசெய்து.

டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் கவனிக்க: காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்தான நாள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் உடனே அரசு மருத்துவமனை. ஏற்காட்டில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வர வேண்டும்.