மண்வெட்டி இல்லை என்று ஒரு பெயர்

கோசோக்கோ. 1845 முதல் 1851 வரை, இன்றைய நைஜீரியாவில் உள்ள லாகோஸை ஆண்ட மன்னரின் பெயர். அங்கே பேசப்படும் யொரூபா மொழியில் இதற்கு ‘மண்வெட்டி இல்லை’ என்று பொருள். எந்த மண்வெட்டி? குழி தோண்டுகிற மண்வெட்டி. உன்னைப் புதைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை, போய்விடாதே என்று பிறந்த பிள்ளையிடம் சொல்கிற பெயர் அது.

பிறந்து பிறந்து இறக்கும் பிள்ளையை யொரூபா மக்கள் ‘அபிக்கு’ என்பார்கள். சாகவே பிறந்தது என்று அர்த்தம். ஒரே பிள்ளைதான் அந்தத் தாயிடம் மறுபடி மறுபடி வந்து போகிறது என்று நம்பினார்கள். அதனால் அடுத்துப் பிறப்பதற்கு மாலோமோ என்று பெயர்: இனிமேல் போகாதே. துரோஜாயே: இருந்து வாழ்ந்து பார். பாஞ்சோக்கோ: என்னோடு உட்கார். வீட்டில் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அந்த வேண்டுதல் ஒலிக்கும்.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லி ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. அந்த மரணங்களில் பலவற்றுக்குப் பின்னால் பரம்பரையாக வரும் ரத்த நோயான சிக்கிள் செல் ரத்தசோகை இருந்திருக்கும் என்று இன்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ரத்தப் பரிசோதனை எட்டாத காலத்தில், மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு வேறென்ன செய்திருப்பாள்? அவளுடைய துக்கம் பதிவான ஒரே இடம் அந்தப் பெயர்தான்.

பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன் வீட்டைப் பார் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. எட்டாம் நாள் தேனும் உப்பும் கோலாக் கொட்டையும் வைத்துப் பெயர் சூட்டும்போது, அந்த வீட்டின் நிலையைத்தான் சூட்டுகிறார்கள். வழியில் பிறந்தால் அபியோனா. திருவிழாவில் பிறந்தால் அபியோதுன். ‘அடே’ என்று தொடங்கினால் கிரீடம், அரச குலம். ‘அயன்’ என்றால் பறை கொட்டும் குடும்பம். கிறித்தவம் பரவியபோது ‘இஃபா’, ‘ஓகுன்’ என்ற பழைய தெய்வங்களின் பெயர் இருந்த இடத்தில் பலர் ‘ஒலு’ என்று இறைவனைக் குறிக்கும் சொல்லை வைத்துக்கொண்டார்கள். குடும்பம் மதம் மாறிய கதையும் இப்படிப் பெயருக்குள்ளேயே கிடக்கிறது.

சில பெயர்களைப் பெற்றோர் தேடவே வேண்டாம், பிள்ளையே கொண்டுவரும். இரட்டையரில் முதலில் வருவது தாய்வோ, அடுத்தது கெஹிண்டே. ஆனால் மூத்தது கெஹிண்டேதான்! உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர தம்பியையோ தங்கையையோ முன்னால் அனுப்பிவிட்டு, பொறுமையாகப் பின்னால் வருகிறதாம். அவர்களுக்கு அடுத்துப் பிறப்பது இடோவு. ஒரு பெயரைக் கேட்டாலே அந்தப் பிள்ளை எந்த வரிசையில் பிறந்தது என்று தெரிந்துவிடுகிறது.

யொரூபாவில் பெயர் என்பது பெரும்பாலும் வினைச்சொல்லோடு கூடிய முழு வாக்கியம். மேலும், அது தொனியால் பொருள் மாறும் மொழி. ‘ஒக்கோ’ என்பதை ஒரு தொனியில் சொன்னால் மண்வெட்டி, இன்னொன்றில் கணவன், மற்றொன்றில் வண்டி. தொனிக் குறிகளை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டில் எழுதும்போது வாக்கியத்தின் உயிரில் பாதி போய்விடுகிறது. அதைப் படித்துவிட்டு, “வாயில் நுழையாத பெயர்” என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

துண்டே என்று ஒருவரைச் சந்தித்தால் தயவுசெய்து முழுப் பெயரைக் கேளுங்கள். சுருக்கிக் கூப்பிடுவது அவர்களுக்குள்ளும் வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் ‘துண்டே’ என்றால் ‘திரும்பி வந்தது’ என்று மட்டும்தான் பொருள். பாபாதுண்டே என்றால் திரும்பி வந்தவர் இறந்துபோன தாத்தா. யெதுண்டே என்றால் பாட்டி. அயோதுண்டே என்றால் அந்த வீட்டுக்கு மகிழ்ச்சி திரும்பியிருக்கிறது.