777 எதற்கு அண்ணே?

உபுண்டு லினக்ஸில் தன் ஸ்கிரிப்டை எந்த ஃபோல்டரில் இருந்தாலும் பெயரைச் சொல்லி ஓட்டுவது எப்படி என்று ஒரு தம்பி கேட்டதற்கு, சூடோ (அட்மின் அதிகாரம்) போட்டு /யூஎஸ்ஆர்/பின் ஃபோல்டருக்குள் காப்பி செய்து 777 (எல்லோருக்கும் படிக்க, மாற்ற, ஓட்ட அனுமதி) கொடுப்பதுதான் ஒரே வழி என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். ஓடும், சரி. ஆனால் ஒரே வழி இல்லை, 777 தேவையே இல்லாத வம்பு. அந்த ஃபோல்டர் சாஃப்ட்வேர் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட்டின் பொறுப்பில் இருப்பது, அதே பெயரில் ஒரு பேக்கேஜ் வந்து இறங்கினால் உங்கள் ஃபைல் போய்விடலாம். 777 என்றால் அந்த மெஷினில் லாகின் உள்ள எவரும் ஸ்கிரிப்டை மாற்றலாம், இங்கே கேட்ட தம்பியோ மதுரையில் காலேஜ் லேப் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்!

நீங்கள் டைப் செய்யும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் தேடுவது பாத் என்ற மாறியில் இருக்கும் ஃபோல்டர்களை மட்டும்தான், இடமிருந்து வலமாக, முதலில் எதில் கிடைக்கிறதோ அதை ஓட்டிவிடும். அதனால் தம்பி, உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் .லோக்கல்/பின் என்று ஃபோல்டர் போட்டு ஸ்கிரிப்டை அங்கே வையுங்கள், முதல் வரியில் ஷபாங் (எதைக் கொண்டு ஓட்ட வேண்டும் என்று சொல்லும் #! வரி) இருக்கட்டும், ஓட்டும் அனுமதிக்கு சிஎச்மோட் +எக்ஸ் போதும், சூடோவே வேண்டாம். லாகின் செய்யும்போது ஓடும் உபுண்டுவின் வழக்கமான .புரொஃபைல் ஃபைல், அந்த ஃபோல்டர் இருந்தால் தானே பாத்தில் சேர்த்துக்கொள்ளும், ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். சேராவிட்டால், டெர்மினல் திறக்கும்போது ஓடும் .பாஷ்ஆர்சியில் நீங்களே சேர்க்கலாம், பழைய பாத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கூடக் கையை விரிக்கும். அப்புறம், மெஷினில் எல்லோருக்கும் வேண்டுமென்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் வைத்து 755 கொடுங்கள், எல்லோரும் ஓட்டலாம், உரிமையாளர் மட்டும்தான் மாற்றலாம்.