உட்கார்ந்தால்தான் தியானமா?

லடாக்கில் 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கர்துங் லா கணவாய்க்குச் சைக்கிளில் ஏறுகிறவர், தன் மூச்சையும் களைப்பையும் வந்து போகிறவையாகக் கவனிப்பது பௌத்தப் பயிற்சியே ஆகாது, கண்களை மூடி அமர்ந்து செய்வதை மட்டுமே புத்தர் கற்பித்தார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இந்தத் திருத்தம்.

விழிப்புடன் கவனிக்கும் பயிற்சியைப் பற்றிப் பாலி மொழியிலுள்ள புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரம் அப்படிச் சொல்லவில்லை. மூச்சைக் கவனிக்கும் பகுதியில் காட்டுக்கோ மரத்தடிக்கோ போய்ச் சம்மணமிட்டு அமரச் சொல்வது உண்மைதான். நண்பர் அதை மனதில் வைத்திருக்கலாம். ஆனால் அடுத்த பகுதியே நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் ஆகிய நான்கையும் பேசுகிறது. அதற்கடுத்தது இன்னும் விரிவு: முன்னே போவது, திரும்பி வருவது, கை கால்களை மடக்குவது, நீட்டுவது, உண்பது, ஏன், மலம் கழிப்பதுகூட அதில் உண்டு. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், உடலில் தோன்றுவதையும் மறைவதையும் காணும்படி சொல்லப்படுகிறது. நிலையாமையைக் கவனிப்பது என்றால் அதுதானே?

சைக்கிள் அங்கே இராது என்பது வெளிப்படை. மிதிப்பதும் காலை மடக்கி நீட்டுவதுதான் என்பது என் வாசிப்பு. (இறக்கத்தில் மட்டும் சாலையைக் கவனியுங்கள், தத்துவம் காத்திருக்கும்.)

சரிபார்க்க விரும்புகிறவர்கள் மஜ்ஜிம நிகாயம் என்ற பாலி உரைத் தொகுப்பின் 10ஆவது சூத்திரத்தைப் பார்க்கலாம்; அதுதான் இது. ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் மூன்று பகுதிகளைப் படித்தால் போதும்.