38 ஆர்டர் கணக்கு

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கடந்த ஒரு வருஷத்தில் அமேசானில் என்னென்ன வாங்கினேன் என்று ஒன்றுவிடாமல் எழுத ஆரம்பித்தேன். அமேசானின் ப்ரைம் சந்தா (கட்டிச் சேர்ந்தால் டெலிவரிக்குத் தனிக் காசு இல்லை, படமும் பாட்டும் உண்டு) புதுப்பிக்க வேண்டிய மாதம் இது. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பதால் எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளிவு வரும். எழுதி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம். மொத்தம் 71 ஆர்டர்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலையில் ப்ரைம் இந்தியாவுக்கு வந்தபோது வருஷத்துக்கு 499 ரூபாய். அறிமுக விலை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே 999. 2021 டிசம்பரில் 1,499. மாதச் சந்தா 129-ஆக இருந்தது 179 ஆனது, 2023 ஏப்ரலில் ஒரே தாவலில் 299 ஆனது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2005-இல் 79 டாலர், 2014-இல் 99, 2018-இல் 119, 2022-இல் 139.

இதில் எனக்கு மனசு பொறுக்காதது வருஷச் சந்தா அல்ல, அந்த மாதச் சந்தா. மாதம் 299 என்றால் வருஷத்துக்கு 3,588 ரூபாய். கையில் மொத்தமாக 1,499 இருப்பவர் ஒரு தடவை கட்டிவிட்டுப் போய்விடுகிறார். சம்பளம் வந்தால் வாடகை, வட்டி, ஸ்கூல் ஃபீஸ் என்று பிய்த்துக்கொண்டு போகும் வீட்டில், மாதம் மாதம் கட்டிக்கொள்ளலாம் என்று சேருகிறவர் அதே சேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறார். அவசரத்துக்கு ஒரே ஒரு மாதம் எடுப்பவர்களுக்காக வைத்த விலை என்று சொல்லலாம். ஆனால் நடப்பில் அதை மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் உண்டு.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

சந்தா இல்லாதவர் 499 ரூபாய்க்குக் கீழே வாங்கினால் டெலிவரிக்கு 40 ரூபாய். 499-க்கு மேலே போனால் சாதாரண டெலிவரி எல்லோருக்கும் இலவசம். இந்த இரண்டாவது வரியை நாம் எல்லோரும் மறந்துவிட்டோம். நானும் மறந்திருந்தேன். அப்படியானால் 1,499 ரூபாய் டெலிவரியில் மட்டும் திரும்பி வர வேண்டுமென்றால், 499-க்குக் கீழே குறைந்தது 38 ஆர்டர் போட்டிருக்க வேண்டும்.

என் 71-இல் 499-க்குக் கீழே இருந்தது 32. நாற்பதால் பெருக்கினால் 1,280 ரூபாய். போட்ட காசு வரவில்லை. 219 ரூபாய் துண்டு விழுகிறது. பரவாயில்லை, அடுத்த நாளே வீட்டுக்கு வருகிறதே, அதற்கு ஒரு மதிப்பு இல்லையா என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்த 32-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குக்கர் கேஸ்கட். பேனா ரீஃபில். சின்னவளின் டிபன் பாக்ஸ் தொலைந்ததால் இன்னொன்று. ஒரு பாக்கெட் ஊக்கு, 65 ரூபாய். செருப்பு வைக்கிற அளவு அட்டைப்பெட்டிக்குள், காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவில் அந்த ஊக்குப் பாக்கெட் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. அதைக் கொண்டுவந்த தம்பி வெயிலில் மூன்று மாடி ஏறி வந்திருந்தான்.

குக்கர் கேஸ்கட் எங்கள் தெருமுனைப் பாத்திரக் கடையில் கிடைக்கும். பழைய கேஸ்கட்டைக் கொண்டுபோனால் அளவு பார்த்து எடுத்துத் தருவார். ரீஃபில், ஊக்கு எல்லாம் சமாதானபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் வாங்கிவிடலாம். மீதியில் பாதியைச் சேர்த்து வைத்து ஒரே ஆர்டராகப் போட்டிருந்தால் 499-ஐத் தாண்டியிருக்கும். வேறு வழியே இல்லாமல் ஆன்லைனில்தான் தனியாக வாங்கியிருக்க வேண்டும் என்று நான் டிக் அடித்தது 12. அதாவது 480 ரூபாய். 1,499 கொடுத்து 480 மிச்சம் பிடித்திருக்கிறேன்.

என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது இதற்கு அடுத்த பக்கம். அம்மா கடையம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். காலில் நரம்புச் சுருட்டல், அதற்கு இறுக்கமான சாக்ஸ் போடணும். சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப். முழங்கால் பெல்ட். இதெல்லாம் வாங்க முன்பு நான் திருநெல்வேலி ஜங்ஷனில் கடை கடையாக ஏறி, சனிக்கிழமை பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. இப்போது நான் இங்கே போனில் அழுத்துகிறேன், இரண்டு மூன்று நாளில் அங்கே வாசலில் நிற்கிறது. டெலிவரிக்கு வரும் பையனை அம்மா பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டாள். ஆன்லைன் கடைகளைப் பற்றி யார் குறை சொன்னாலும் நான் அம்மாவை நினைத்துக்கொள்வேன். சந்தா எவ்வளவு ஏறினாலும் அம்மாவுக்காகக் கட்டத்தான் வேணும் என்று சொல்லிக்கொண்டேதான் இத்தனை வருஷமும் கட்டினேன்.

நோட்டில் அம்மா முகவரிக்குப் போனதை மட்டும் தனியாக வட்டம் போட்டேன். 16 ஆர்டர். அதில் 499 ரூபாய்க்கு மேலே இருந்தது 14! சாக்ஸ் ஒரு ஜோடியே அறுநூறு சொச்சம். ஸ்ட்ரிப் டப்பா அதற்கும் மேலே. நான் சந்தாவே கட்டாமல் இருந்திருந்தாலும் அந்தப் பதினாலும் டெலிவரிக் காசு இல்லாமல்தான் போயிருக்கும். அடுத்த நாள் டெலிவரி என்பதும் அந்தக் கிராமத்துக்குக் கிடையாது. சென்னை அடையாறில் இருப்பவருக்குக் காலையில் போட்டால் சாயங்காலம் வருகிறது. கடையம் பின்கோடுக்கு அது இல்லை, ஆனால் சந்தா இரண்டு பேருக்கும் ஒரே 1,499தான். எதை நினைத்துச் சந்தா கட்டினேனோ அதற்குச் சந்தா தேவையே இல்லை. நிஜத்தில் சந்தா எனக்குக் கொடுத்தது ஊக்கையும் ரீஃபிலையும்தான். டெலிவரி சும்மாதானே என்ற நினைப்பு வந்ததும், இது இப்போது வேணுமா, இங்கே பக்கத்தில் கிடைக்குமா என்று கேட்கிற பழக்கம் என்னிடமிருந்து போய்விட்டது. ஏற்கெனவே கட்டிய காசு வீணாகக் கூடாதே என்றுதான் அந்தச் சின்னச் சின்ன ஆர்டர்களைப் போட்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். அமேசான் பே ஐசிஐசிஐ கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு, அமேசானில் வாங்கும் தொகையில் ப்ரைம் இருந்தால் 5 சதவீதம், இல்லாவிட்டால் 3 சதவீதம் திரும்பி வருகிறது. அந்தக் கார்டில் வருஷத்துக்கு 75,000 ரூபாய்க்கு அமேசானிலேயே வாங்குகிற குடும்பம் என்றால் அந்த இரண்டு சதவீத வித்தியாசமே 1,500 ரூபாய். அவர்களுக்குச் சந்தா கட்டுபடியாகும். படம் நிறையப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வகையில் சரிதான்.

படம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ப்ரைம் வீடியோ 2016 டிசம்பரில் சேர்ந்தது, பாட்டு 2018-இல் வந்தது. அப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்ததால்தான் 499 ரூபாய் 999 ஆனபோதும், அது 1,499 ஆனபோதும் பலரும் முணுமுணுத்துவிட்டுக் கட்டினோம். விலை ஏறுவதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. பெட்ரோல் ஏறுகிறது, கொண்டுவருகிற பையனுக்குச் சம்பளம் ஏற வேண்டும். ஆனால் 2025 ஜூன் 17 முதல் வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் வருகிறது. விளம்பரம் வேண்டாமென்றால் வருஷத்துக்கு இன்னும் 699 ரூபாய். நேற்றுவரை 1,499-க்குள் இருந்த அதே பொருளுக்கு இன்றைக்கு 2,198 ரூபாய். அதே வருஷத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் 5 ரூபாய் சந்தைக் கட்டணம் என்று ஒன்று போட்டார்கள், ப்ரைம் உறுப்பினர்களுக்கும் சேர்த்து. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நடுவில் வந்து மொட்டை மாடிக்குத் தனி வாடகை கேட்பது போலத்தான் இது. சந்தா தொகையை மாற்றாமலே சந்தாவை ஏற்றிவிட்டார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். படம், பாட்டு எதுவும் வேண்டாம், பொருள் டெலிவரி மட்டும் போதும் என்பவர்களுக்கு ஷாப்பிங் எடிஷன் என்று 399 ரூபாய்க்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நடுவில் லைட் என்று 799-க்கு இன்னொன்று. அந்த 399-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். டெலிவரியின் விலை என்ன என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் மீதி 1,100 ரூபாய் படத்துக்கும் பாட்டுக்கும்தான், அந்தப் படத்திலும் விளம்பரம். டெலிவரிக்காக மட்டும் 1,499 கட்டிக்கொண்டிருக்கும் அம்மா, அக்கா, சித்தி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதை எடுத்துச் சொல்லுங்கள். முகப்பில் பெரிதாகக் காட்டுவது 1,499-ஐத்தான், தேடினால்தான் 399 கண்ணில் படும்.

ஃபிளிப்கார்ட்டையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஒருதலைப்பட்சமாக இருக்கக்கூடாது. 2018 ஆகஸ்ட் 15-இல் பிளஸ் ஆரம்பித்தபோது சந்தாவே கிடையாது, வாங்க வாங்கச் சேரும் காயின் போதும் என்றார்கள். 2023-இல் விஐபி என்று 499 ரூபாய்ச் சந்தா வந்துவிட்டது. பழக்கிவிட்டு அப்புறம் விலை வைப்பது இந்தத் தொழில் முழுக்க நடக்கிறது.

விலையாவது கண்ணுக்குத் தெரிகிறது. சேர்ந்ததே தெரியாமல் காசு போவதை என்ன சொல்ல? ரிட்டயரான சித்தப்பா போன மாசம் பென்ஷன் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்தார். ஏழு மாசமாக ஒரே தேதியில் ஒரே தொகை போயிருக்கிறது. பார்த்தால் ஒரு ஆன்லைன் கடையின் உறுப்பினர் சந்தா. நிறுவனம் எது என்பது இங்கே வேண்டாம், மேலே சொன்ன இரண்டும் இல்லை. முதல் மாதம் இலவசம் என்று வந்த பெட்டியில் ஏதோ ஒன்றை அழுத்தியிருக்கிறார். "நா எப்பம்மா இதுல சேந்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து டிக்கெட் கட்டையில் ஒரு நம்பர் தவறாமல் கணக்குக் கொடுத்த மனுஷன்.

திண்ணையில் உட்கார்ந்து அவர் போனை வாங்கி நானே ரத்து செய்யப் பார்த்தேன். ஆப் தமிழில் இருந்தது. வாங்குகிற பக்கம் தமிழ், பணம் கட்டுகிற பக்கம் தமிழ். விலகுகிற இடத்துக்கு வந்ததும் ஆங்கிலம். நான்கு திரை தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் 'தொடர்கிறேன்' என்பது பெரிய பச்சைப் பொத்தான், விலகுவது அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி. கடைசியில் 'சலுகைகளை இழக்க எனக்குச் சம்மதம்' என்று அழுத்தினால்தான் விடுகிறது. கண்ணாடி போட்டும் சித்தப்பாவுக்கு அந்தச் சாம்பல் வரி தெரியவில்லை.

இது சட்டப்படியே தப்பு. 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகை பட்டியலில் இருக்கின்றன. விலகுவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறி அதில் ஒன்று, விலகுகிறவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவது இன்னொன்று. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியும் இருக்கிறது. சித்தப்பாவுக்கும் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில், லோன் வேணுமா என்று கேட்கிற இருபது மெசேஜுக்கு நடுவில். ரூ. 15,000 வரை ஓடிபி இல்லாமலே போய்விடும் என்பதால் அவர் கண்ணில் படவே இல்லை.

அமெரிக்காவில் இதே விவகாரத்துக்காக அரசின் வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மீது வழக்குப் போட்டது. ப்ரைமிலிருந்து விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று அந்த வழக்கில் சொல்லப்பட்டது. முடியவே முடியாத நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. தவறு என்று நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அங்கே காசு திரும்பி வருகிறது. என் சித்தப்பாவின் ஏழு மாசத்துக்கு யார் தருவார்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நம் வீட்டில் ஈபி வெள்ளை அட்டை தொங்குகிறது. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுப்பவர் வந்து, எத்தனை யூனிட் ஓடியது, எவ்வளவு காசு என்று அதில் எழுதிவிட்டுப் போவார். முதல் 100 யூனிட் இலவசம் என்பது யாருக்கும் மறக்காது, கணக்கு கண்ணுக்கு நேரே இருக்கிறது. அதே மாதிரி ஒவ்வொரு உறுப்பினருக்கும் புதுப்பிப்பதற்கு முன்னால் ஒரு கணக்குச் சீட்டு அனுப்பட்டும். இந்த வருஷம் இத்தனை ஆர்டர், அதில் சந்தா இல்லாவிட்டாலும் இலவசமாக வந்திருக்கக்கூடியது இத்தனை, சந்தாவால் நிஜமாக மிச்சமானது இவ்வளவு. தமிழில் பார்க்கிறவருக்குத் தமிழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான் போட்ட கணக்கு அவர்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி வேலை. 'நீங்கள் இவ்வளவு சேமித்தீர்கள்' என்று பூப்போட்டுக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, சேமிக்காததையும் காட்ட முடியும். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகும் ஒருவர் 1,499 கட்டுகிறார் என்றால் அது அவர் விருப்பம், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அரசாங்கம் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

திங்கட்கிழமை தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டேன். சித்தப்பா போனில், தானாகப் பணம் போகிறவற்றைக் காட்டும் ஆட்டோபே பகுதிக்குள் போய் இன்னும் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்து இரண்டை நிறுத்தினேன். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

சந்தா முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, அம்மாவுக்கு சாக்ஸ் போட்டேன். 640 ரூபாய், டெலிவரி என்ற இடத்தில் பூஜ்ஜியம். திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. "ஏட்டி, சாக்ஸ் வந்துட்டு. அந்தப் பையன் வெயில்ல வந்தான்லா, மோர் குடுத்தேன். ரெண்டு டம்ளர் குடிச்சான்."