டிசம்பர் சறுக்கலும் பட்டமும்

“டிசம்பரில் சறுக்கிய அணி பிரீமியர் லீக் பட்டம் வென்றதே இல்லை” என்று இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான அந்த லீக்கைப் பற்றி ஒரு செய்தி பரவி வருகிறது. அது தவறு. அதிகம் தேட வேண்டியதில்லை, 2023-24 பருவத்தின் மான்செஸ்டர் சிட்டியே போதும். செல்சியுடன் 4-4, லிவர்பூலுடன் 1-1, டாட்டன்ஹாமுடன் 3-3 என மூன்று டிரா. டிசம்பர் 6 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் 0-1 தோல்வி. 15 ஆட்டங்களில் 30 புள்ளிகள், ஆர்சனலைவிட ஆறு குறைவு. அப்போதே பலர் கணக்கை முடித்துவிட்டார்கள்! மீதி 23 ஆட்டங்களில் சிட்டி ஒன்றில்கூடத் தோற்கவில்லை: 19 வெற்றி, 4 டிரா. மொத்தம் 91 புள்ளிகள், ஆர்சனலுக்கு 89. சரிந்தவர்கள் எல்லாம் மீண்டார்கள் என்பதும் பொய்தான்: அடுத்த பருவத்தில் இதே சிட்டி சரிந்து, மூன்றாம் இடத்தில்தான் முடித்தது.