ஒரு சூறைக்காற்றைத்தான் மாற்றினோம்

நாங்கள் பதிப்பித்த நாவலை ஒருவர் மேடையில் தூக்கிக் காட்டி 'வரலாற்றுத் திரிபு' என்று சாடிக் கைதட்டல் வாங்கும் அந்த 58 நொடிக் காணொளியை எனக்கு அனுப்பாதவர் இனி ஒருவரும் பாக்கி இல்லை. கும்பகோணத்துச் சம்பந்தி வீட்டிலிருந்துகூட வந்துவிட்டது. ஆகவே மேடை, பேச்சாளர், கைதட்டல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கருத்துப் பெட்டியில் வந்து கேட்காதீர்கள், பெயர் சொல்வதாக இல்லை.

"1782-ல நாகப்பட்டினத்துல பிரெஞ்சுக்காரன் ஜெயிக்கவே இல்ல. இதுகூடத் தெரியாம நானூறு பக்கம் அச்சடிச்சிருக்காங்க!"

ஆமாம் ஐயா, ஜெயிக்கவில்லை. எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் தலைப்புக்குக் கீழே 'மாற்று வரலாற்று நாவல்' என்று போட்டோம். தெரிந்துதான் பின்னட்டையின் முதல் வரியே '1782 ஜூலை 5 மாலை அந்தச் சூறைக்காற்று வீசாமல் இருந்திருந்தால்?' என்று தொடங்குகிறது. காணொளியை 22-வது நொடியில் நிறுத்திப் பாருங்கள். அவர் தூக்கிக் காட்டும் பிரதியின் மேல் விளக்கொளி மின்னும். நாங்கள் அட்டைக்குப் போட்டது மேட் லேமினேஷன், அது மின்னாது. மின்னுவது பிரிக்காத பிளாஸ்டிக் உறை.

சரி, படிக்காமல் பேசுவது நம் மேடைகளுக்குப் புதிதா என்ன. அதை விடுகிறேன். விட முடியாதது 'வரலாற்றுத் திரிபு' என்ற அந்த ஒற்றைச் சொல்.

நடந்தது இது. 1781 நவம்பரில் ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அதை மீட்க மறு ஆண்டு ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் 12 போர்க்கப்பல்களோடு வந்தார். எதிரே ஆங்கிலத் தளபதி ஹியூஸ், 11 கப்பல்கள். ஜூலை 5 மாலை திடீரென்று ஒரு சூறை அடித்து, அஜாக்ஸ் என்ற 64 பீரங்கி கொண்ட பிரெஞ்சுக் கப்பலின் நடுமரத்திலும் பின்மரத்திலும் மேல்துண்டுகள் முறிந்து விழுந்தன. மறுநாள் அது சண்டையில் சேரவில்லை. 11-க்கு 11. பகல் 11 மணிவாக்கில் சண்டை தொடங்கியது. உச்சி தாண்டியதும் காற்று திரும்பி இரண்டு வரிசைகளும் கலைந்தன. சாயங்காலம் ஆங்கிலேயர் நாகூர்ப் பக்கமும் பிரெஞ்சுக்காரர் காரைக்கால் பக்கமும் நங்கூரம் போட்டார்கள். பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் சாவு, ஆங்கிலத் தரப்பில் 77. நாகையை மீட்கும் எண்ணம் அதோடு போயிற்று.

நாவலில் நாங்கள் மாற்றியது ஒன்றே ஒன்று. அந்தச் சூறை வரவில்லை. அஜாக்ஸின் மரம் முறியவில்லை. அவ்வளவுதான். மறுநாள் நண்பகலுக்குமேல் காற்று திரும்பியதைக்கூட மாற்றவில்லை. திரும்பும் காற்றில் பன்னிரண்டாவது கப்பல் என்ன செய்யும் என்பதுதான் கதையே.

'பாய்மரத்தில் ஒரு துண்டு போனால் என்ன, மீதியை வைத்து ஓட்ட முடியாதா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அந்தக் காலப் போர்க்கப்பலில் பாய்மரம் ஒற்றைத் தடி அல்ல. கீழே ஒரு மரம், அதன் தலையில் பொருத்திய இரண்டாவது மரம், அதற்கும் மேலே மெல்லிய மூன்றாவது. சண்டை நேரத்தில் கீழ்ப்பாய்களைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். பீரங்கி நெருப்பு பற்றும், தளத்தில் நிற்பவனுக்கு எதிரியும் தெரியாது. கப்பல் ஓடுவதெல்லாம் இரண்டாவது மரத்தில் கட்டிய பாய்களால்தான். அது போனால் முன்னே போகிறவனுக்கும் பின்னே வருகிறவனுக்கும் நடுவில் இடம் பிடித்து நிற்க முடியாது, பின்தங்கும். வரிசையில் ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக எதிரி புகுந்து, பின்பக்கக் கண்ணாடி ஜன்னல்களில் சுட்டால் குண்டு பின்முனையிலிருந்து முன்முனைவரை தளம் முழுக்க உருண்டு போகும். அப்படிப்பட்ட கப்பலை வரிசையில் வைப்பதைவிட வீட்டில் வைப்பது மேல்.

இந்த அளவுக்குச் சரிபார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பினோம். மாற்றியது ஒன்று என்பதால் மீதி அத்தனையும் மாறாமல் இருக்க வேண்டும். சரித்திர நாவலில் ஒரு தேதி பிசகினால் 'கதைதானே' என்று வாசகர் விட்டுவிடுவார். இங்கே விட மாட்டார். எது நாம் வேண்டுமென்று மாற்றியது, எது நம் அறியாமை என்று அவருக்குத் தெரியாமல் போனால் ஆட்டம் முடிந்தது.

ஆசிரியர் முதல் கைப்பிரதியில் காலை 9 மணிக்கே கிழக்குக் காற்று வீசுவதாக எழுதியிருந்தார். அக்கரைப்பேட்டையில் ஒரு பெரியவர், விசைப்படகு வருவதற்கு முன்னால் பாய் கட்டிக் கடலுக்குப் போனவர், அந்த அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆனி மாசத்துல ஏது தம்பி காலைல கொண்டலு? கச்சான் தூக்கிட்டு அடிக்கும். அது அடங்கி கடல்காத்து ஏற உச்சி சாயணும்." கொண்டல் கிழக்குக் காற்று, கச்சான் மேற்குக் காற்று. பிறகு போர்க் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் காற்று திரும்பியது 12.30-க்கு மேல். படிக்கத் தெரியாத மனிதர் கேட்டே கண்டுபிடித்தார். படித்தவர்கள் உறையைப் பிரிக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. காணொளிக்குப் பிறகு ஒருவர் நிஜமாகவே வாங்கிப் படித்துவிட்டு, 'செவேர் கப்பல் காட்சி அப்பட்டமான சினிமா' என்று எழுதியிருக்கிறார். செவேர் ஒரு பிரெஞ்சுக் கப்பல். அதன் தலைவன் பயந்து, சரணடைவதாகக் கொடியை இறக்குகிறான். கீழே பீரங்கி அடிக்கும் அதிகாரிகள் ஒப்புக்கொள்ளாமல் சண்டையைத் தொடர்கிறார்கள். சரணடைந்துவிட்டான் என்று நம்பித் திரும்பிய ஆங்கிலக் கப்பல் சுல்தான் வசமாக அடி வாங்குகிறது. சினிமாத்தனம்தான். ஆனால் நாங்கள் எழுதியது அல்ல, அன்று நடந்தது. தலைவன் பெயர் சியார். பொய் என்று அவர் கட்டம் கட்டிய இடம் நிஜம். நிஜம் என்று மெச்சிய அஜாக்ஸ் பீரங்கித் தளக் காட்சிதான் முழுக் கற்பனை. இதற்குமேல் ஒரு மாற்று வரலாற்று நாவலுக்கு என்ன நற்சான்று வேண்டும்?

அடுத்தது, எதிர்பார்த்ததுதான். 'சோழன் கப்பற்படை இருக்க வெள்ளைக்காரன் சண்டை எதற்கு?'

இராசேந்திரன் 1025-ல் கடாரத்துக்குக் கலம் செலுத்தியதில் எனக்கும் பெருமை உண்டு. இந்த மண்ணில் பிறந்து அது இல்லாமல் இருக்குமா. ஆனால் 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்னும் மெய்க்கீர்த்தி எத்தனை கலம், எவ்வளவு நீளம், எத்தனை பாய், கலத்துக்கு எத்தனை ஆள் என்று சொல்லவில்லை. 1782-க்குக் கப்பல் வாரியாகப் பீரங்கி எண்ணிக்கை இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமானால் மற்றது தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது, புதிதாகச் செய்யத்தான் முடியும். அது வேறு வகை எழுத்து, அதை எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

'நமக்கென்ன சம்பந்தம்' என்பதற்கு மட்டும் கோபம் வருகிறது. 1746, 1758, 1782 என்று மூன்று கடற்போர்கள் நாகப்பட்டினத்தின் பெயரிலேயே வரலாற்றில் இருக்கின்றன. 1781-ல் ஹைதர் படை தஞ்சைச் சீமையை அழித்தது. சுஃப்ரென் இந்தப் போருக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் போய் அதே ஹைதரைச் சந்தித்தார். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட நம் சரபோஜி மன்னர் மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா கட்டினார். அங்கே போய் செல்ஃபி எடுக்கிறோம். 1784 உடன்படிக்கையில் டச்சுக்காரர் நாகையை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாவலில் அந்த மேசையில் நாகை இல்லை. நாகை இல்லாவிட்டால் அடுத்த நூறு வருடம் இந்த டெல்டா நெல் எந்தக் கப்பலில் ஏறியிருக்கும்? சம்பந்தம் இல்லையாம்!

'கலைச்சொல் புரியவில்லை' என்பவர்களுக்கு: 409-ஆம் பக்கத்திலிருந்து சொல்லடைவு இருக்கிறது.

'நாகைத் துறைமுகத்துக்குள் கப்பல் ஏன் நுழையவே இல்லை, ஆசிரியர் நாகைக்குப் போயிருக்கிறாரா' என்றும் ஒரு கேள்வி. எழுபத்து நாலு பீரங்கி கொண்ட கப்பலுக்கு 20 அடிக்கு மேல் தண்ணீர் வேண்டும். கடுவையாற்று முகத்தில் மணல்திட்டு. இந்தக் கரை முழுக்கவே அன்று கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகுகளில் சாமான் இறக்குவார்கள். அலை தூக்கிக் கரையில் அடித்தால் ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்தது நெளிந்து கொடுக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் கப்பல்கள் கரையை விட்டுப் போய்விடும். போகாமல் நின்றதால் 1746 அக்டோபரில் சென்னைக் கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் புயலில் சிதைந்தன. இதெல்லாம் நாவலிலேயே இருக்கிறது. உறையைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

'விளம்பரம் சரியில்லை, உங்கள் தப்புதான்' என்கிறார்கள் சில நண்பர்கள். இதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். அட்டையில் கொஞ்சம் புலிக்கொடி போடச் சொன்னார் ஒரு விற்பனையாளர், கூடுதலாக ஐம்பது பிரதி எடுப்பாராம். மறுத்தோம். கணினி வரைந்து கொடுத்த முதல் படத்தில் பாய் முன்பக்கம் உப்பியிருந்தது, கொடி பின்பக்கம் பறந்தது. ஒரே காற்று இரண்டையும் எப்படி எதிரெதிரே தள்ளும்? பீரங்கிப் புகை மூன்றாவது திசையில். நான்கு முறை திருப்பி அனுப்பி, கடைசியில் ஓர் ஓவியரிடம் கையால் வரைந்து வாங்கினோம். பத்து நாள் போனது. முன்கூட்டியே ஐந்தாறு பேருக்குப் படிக்கக் கொடுத்திருக்க வேண்டிய நாள்கள் அவை. அது எங்கள் தப்பு. கொடுத்திருந்தால் மேடையில் ஒருவராவது எழுந்து பேசியிருப்பார்.

வரைபடமும் எங்கள் தப்பு. புத்தகம் 416 பக்கம். வரைபடத்தை இரண்டு பக்கம் விரித்துப் போட்டோம். பசை ஒட்டிய பைண்டிங்கில் இவ்வளவு தடிமனான புத்தகம் முழுதாக விரியாது என்று தெரிந்தும் நடுவில் இடம் விடவில்லை. காரைக்கால் புத்தக முதுகின் மடிப்புக்குள் போய்விட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டர் விட்டிருந்தால் போதும், அல்லது தனித்தாளாக மடித்து ஒட்டியிருக்கலாம். போர் முடிந்து பிரெஞ்சுக்காரர் ஒதுங்கிய ஊரையே காணோம் என்று ஒருவர் திட்டினால் தலைகுனிந்து வாங்கிக்கொள்வேன். யாரும் திட்டவில்லை. திட்ட வேண்டியதை விட்டுவிட்டு மற்றதைத்தான் திட்டுகிறார்கள்.

கணக்கும் கேட்டார்கள், 'சர்ச்சையால் நல்ல விற்பனையாமே' என்று. விலை 450. விநியோகஸ்தர் கழிவு 40 சதவீதம், 180 போயிற்று. மீதி 270-ல் அச்சுச் செலவு 160, ஆசிரியருக்குப் பத்து சதவீதம் 45. கையில் 65. அதில்தான் ஓவியர், மெய்ப்பு, வேன் வாடகை, கண்காட்சிக் கடை வாடகை. சர்ச்சை விற்றுக் கொடுத்தது மொத்தம் பத்தொன்பது பிரதி. 'இதற்கெல்லாம் ஐஎஸ்பிஎன் எப்படிக் கொடுத்தார்கள்' என்று அறச்சீற்றம் கொண்டவருக்கு: அது பதின்மூன்று இலக்க அடையாள எண், இந்தியாவில் இலவசம். சமையல் குறிப்புக்கும் உண்டு, ஜாதகப் புத்தகத்துக்கும் உண்டு. உண்மைக்கான சான்றிதழ் என்று யார் சொன்னது?

ஆசிரியர் அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். காணொளியில் அவர் வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்டிக்கொண்டே அவரிடம், "நீங்க தட்டலையா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் பதிவிடாமல் இரண்டு நாள் இருந்தேன். நேற்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஓர் ஆசிரியை, பணி ஓய்வு பெற்றவர், தபால் அட்டை போட்டிருக்கிறார். 211-ஆம் பக்கம், ஜூலை 5 இரவு பத்து மணி, கப்பல் தளத்தில் நிலா வெளிச்சம். அம்மா எழுதுகிறார்: 'அமாவாசைக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. தேய்பிறை. நிலா எழ இரவு இரண்டு மணி தாண்டும். சூறையை மாற்றியதாகச் சொன்னீர்கள், சந்திரனையும் மாற்றினீர்களா?'

திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. ஆசிரியரும் நானும் மெய்ப்புப் பார்த்த இரண்டு பேரும் காற்றையே பார்த்துக்கொண்டிருந்து நிலாவை விட்டுவிட்டோம்.

பிழைதிருத்தச் சீட்டு இன்று அச்சுக்குப் போகிறது. கிடங்கில் இருக்கும் 340 பிரதிகளிலும் ஒட்டப்படும். அதற்கு உறையை நாங்கள்தான் பிரித்தாக வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் முகவரியை உள்பெட்டியில் அனுப்பினால் சீட்டு தபாலில் வரும். 211-ஆம் பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி: 'நிலவொளியில்' என்பதை 'லாந்தர் வெளிச்சத்தில்' என்று படிக்கவும்.